நாற்பது வினாடி மூச்சு

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த வாரம் நான் கண்டுபிடித்த வியாதிகள்: அம்மாவுக்கு ஒன்று (கேஸை மூடிவிட்டு மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறாள்), வாட்ச்மேனுக்கு ஒன்று, எனக்கே இரண்டு. உளவியல் இரண்டாம் வருஷம் வந்தால் எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுமாம். மூன்றாம் வருஷத்தில் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள் சீனியர்கள்.

ஆய்வுமுறை எடுக்கும் மேடம் பெரிய வேலை ஒன்று கொடுத்திருக்கிறார். நாங்கள் வைத்த பெயர் ‘எப்படித் தெரியும்’ மேடம். எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்பார். வேலை இதுதான்: ஒரு ஆளைப் பிடித்து, அவர் வேலையில் எடுத்த ஒரு முடிவைப் பற்றி அரை மணி நேரம் பேட்டி எடுக்க வேண்டும். பதிவில் காதில் விழுவது அத்தனையையும் எழுத வேண்டும். இருமல், ‘ம்’, மௌனம் என்றால் எத்தனை வினாடி - எல்லாம். இந்தப் பாடத்தின் பாதி மார்க் இதற்குத்தான்.

என் பக்கத்து சீட் ‘குடை’ (வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் வர மாட்டாள்) ஒரு தையல்காரரைப் பிடித்திருக்கிறாள். எனக்கு வீட்டிலேயே ஆள் ரெடி. அப்பா இருபத்து மூன்று வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். முழங்கால் வலி என்று போன மாதத்திலிருந்து லீவில் இருக்கிறார். விருப்ப ஓய்வுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். 29ஆம் தேதி வெள்ளிக்கிழமையோடு வேலை முடிகிறது. முடிவுதானே வேண்டும்? சுடச்சுட இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

அம்மா: “ஊர்ல சோதனைக்கு வேற எலியே கிடைக்கலையா உனக்கு?”

ஆகஸ்ட் 9, சனி

பேட்டிக்கான ஒப்புதல் படிவத்தை அப்பா இருபது நிமிஷம் படித்தார். ஒரே பக்கம்தான்! படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவது அவர் தொழிலில் கிடையாதாம். லிஃப்டைச் சோதித்து அட்டையில் கையெழுத்துப் போட்டால், அப்புறம் அதில் ஏறுகிறவன் உயிருக்கு அந்தக் கையெழுத்துதான் பொறுப்பு.

“இந்த ஆறாவது பாயிண்ட் என்னது?”

“நீங்க எப்ப வேணும்னாலும், ‘நான் சொன்னதை எடுத்துக்காதே’ன்னு சொல்லலாம்ப்பா. காரணம்கூடச் சொல்ல வேணாம்.”

“நல்லா இருக்கே இது,” என்றார். உடனே கையெழுத்துப் போடாமல் கீழே கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். மறந்துவிடுவேனோ என்று நான் ரெக்கார்டரை முன்கூட்டியே ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். வந்ததும் கையெழுத்துப் போட்டார், ஆரம்பித்தோம்.

அருமையாகப் போனது. கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்கென்று பதில். என் கருத்து: உடம்பின் எல்லையை ஒத்துக்கொண்டு, நிம்மதியாக அடுத்த கட்டத்துக்கு நகரும் மனிதர். கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஒரு நிமிஷப் பேச்சை எழுத எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகிறது. ‘வந்து’, ‘அதாவது’ எல்லாம் தூக்கிவிட்டேன். மௌனங்களையும். சும்மா இருந்ததை என்னத்துக்கு எழுதுவது?

ஆகஸ்ட் 18, திங்கள்

எழுத்தையும் பதிவையும் மேடத்திடம் கொடுத்தாச்சு. குடைக்கு முன்னாடியே.

ஆகஸ்ட் 21, வியாழன்

திரும்பி வந்தது. எங்கே பார்த்தாலும் பச்சை மை.

“பதிவு முப்பத்தோரு நிமிஷம். உங்கள் எழுத்தில் இருபத்தெட்டுதான் இருக்கிறது. மீதி எங்கே?”

“முதல் நாற்பது வினாடி யாருக்கோ மூச்சு வாங்குகிறது. யாருக்கு? ஏன் எழுதவில்லை?”

“பத்தொன்பது இடத்தில் குறுக்கே பேசியிருக்கிறீர்கள். இது பேட்டியா, உங்கள் பதிலை அவரை விட்டுச் சொல்ல வைத்ததா?”

கடைசியில் மார்க்குக்குப் பதிலா ஒரு வரி: “மீண்டும் கேளுங்கள். செப்டம்பர் 5க்குள்.”

பாத்ரூம்ல போய் அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன், இருபது வயசாச்சு, வெக்கமே இல்ல. குடை வெளியே நின்று கதவைத் தட்டித் தட்டி ஆறுதல் சொன்னாள். அவளுடைய தையல்காரர் அரை மணி நேரமும் அவளைத்தான் பேட்டி எடுத்தாராம்: எங்கே வீடு, எத்தனை பேர், ஏன் இன்னும் கல்யாணம் ஆகல. அவளுக்கு வந்த பச்சை மை: “ஆய்வாளர் யார்?”

சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து கேட்டேன்.

கதவு திறக்கிறது. பால் பாக்கெட்டை மேஜையில் வைக்கிற சத்தம். அப்புறம் மூச்சு. கனமான மூச்சு, வாயால் விடுகிற மூச்சு, கடிகாரம் வைத்துப் பார்த்தால் சரியாக நாற்பது வினாடி. பிறகு அப்பா குரல்: “ஆரம்பிக்கலாமா டாக்டர்?”

எங்கள் வீடு நாலாவது மாடி.

லிஃப்ட் அன்றைக்கு ரிப்பேரோ? கீழே போய் வாட்ச்மேனிடம் கேட்டேன். “ரிப்பேரா? ரெண்டு மாசமா ஒரு குறையும் இல்லம்மா. உங்கப்பாதான் இதுல ஏறுறதே இல்ல,” என்றார். (இவருக்கு நான் கண்டுபிடித்த வியாதியை வாபஸ் வாங்குகிறேன்.)

முழங்கால் வலி என்று வேலையை விடுகிற மனுஷர் எதுக்கு நாலு மாடி படியேறி வர்றார்?

எல்லாருக்கும் வியாதி கண்டுபிடித்த நான் இதைப் பார்க்கவில்லை. ஒரே வீட்டில்தானே இருக்கேன்! மேடத்துக்கு நாற்பது வினாடியில் தெரிந்தது எனக்கு ரெண்டு மாசமா தெரியலையே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டு நாள் கணக்கு. அப்பா வெளியே போனது ஐந்து தடவை. படியில் இறங்கியது ஐந்து, ஏறியது ஐந்து. அதில் மூன்று தடவை லிஃப்ட் எங்கள் மாடியிலேயே கதவைத் திறந்துகொண்டு நின்றிருந்தது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் போனை நோண்டுவதுபோல் உட்கார்ந்து நான் எடுத்த கணக்கு. ஐந்தாவது தடவை மாட்டிக்கொண்டேன்.

“இங்க என்ன பண்ற?”

“காத்து வாங்கறேன்ப்பா.”

“படிக்கட்டுலயா?” தலையில் அடித்துக்கொண்டு மேலே ஏறினார். நொண்டவே இல்லை.

அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், அப்பாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு என்று. கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக அங்கேதான் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் உண்டு. பையில் சாவி தேடிக்கொண்டே சொன்னாள்: “மாடி ஏறினா வலிக்காதாம். வேலைக்குப் போனாத்தான் வலிக்குமாம்.”

“உனக்குத் தெரியுமா?!”

“கேட்டேன். எரிஞ்சு விழுந்தார். விட்டுட்டேன். நீயாவது ஏதோ படிக்கறியேன்னு பார்த்தா…” அதற்குமேல் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பதிவில் பதினேழாவது நிமிஷம். இதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

நான்: கடைசியா வேலைக்குப் போன நாள் எப்படி இருந்துச்சுப்பா?
அப்பா: அன்னைக்கு… லிஃப்டு மேல நின்னுட்டிருந்தேன்… (6 வினாடி)
நான்: முழங்கால் வலியோடயா?
அப்பா: (2 வினாடி) ஆமா. முழங்கால்.

கடவுளே. அந்தப் பதிலை நான்தான் கொடுத்திருக்கேன். ஆறு வினாடி. ஆறே வினாடி இந்த வாயை வெச்சுக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல. அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் முழங்காலை எடுத்துக் கையில கொடுத்தேன், பாவம், வாங்கிக்கிட்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்னும் மூன்று நாள். வெள்ளிக்கிழமையோடு அவர் வேலை போய்விடும். நிஜமாகவே வேண்டாமென்றால் சரி. வேறு எதற்காகவோ விடுகிறாரென்றால்?

குடையிடம் சொன்னேன். “மறுபடி கேக்கப் போறியா? மார்க்குக்கா, அப்பாவுக்கா?” என்று கேட்டாள்.

திருதிருவென்று முழித்தேன். இரண்டுக்கும்தான்.

ஆகஸ்ட் 27, புதன்

வகுப்பு மதியத்தோடு முடிந்தது. அம்மா கடையில். அப்பா மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் (மிக்ஸிக்கு ஒன்றுமே இல்லை). மறுபடி பேட்டி எடுக்கணும்ப்பா, ஃபெயில் ஆகிட்டேன் என்றேன். ரெக்கார்டரை அவர் எதிரிலேயே வைத்து, ஓடுகிறது என்று சொன்னேன். ஒரே கேள்விதான் எழுதி வைத்திருந்தேன்.

“போன தடவை பால் வாங்கிட்டு வந்தப்ப, ஏன்ப்பா லிஃப்ட்ல வரல?”

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்பதில் வாய் துறுதுறுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பதினான்கில் அப்பா நிமிர்ந்து, “ஏன் முறைக்கிற?” என்றார்.

“முறைக்கலப்பா. கேட்டுட்டிருக்கேன்.”

மறுபடி ஒன்றிலிருந்து. இருபத்து மூன்று வரை போனது.

அப்புறம் சொன்னார். லிஃப்டின் கூரைமேல் ஏறி வேலை செய்யும்போது முதலில் அங்கே இருக்கிற சுவிட்சை அணைக்கணும். கீழே ‘ஆள் வேலை செய்கிறார்’ என்ற போர்டை மாட்டணும். அன்றைக்கு இரண்டையும் மறந்துவிட்டார். ஏழாவது மாடியில் யாரோ பட்டனை அழுத்த, இவர் நின்றுகொண்டிருந்த லிஃப்ட் கிளம்பிவிட்டது. குந்தி, படுத்து, எப்படியோ சுவிட்சைப் பிடித்து நிறுத்தினார். தலைக்கு மேலே இரும்பு உத்தரம், ஒரு சாண் இடைவெளி. ஒரு கீறல்கூட இல்லை. இறங்கி வந்து யாரிடமும் சொல்லவில்லை.

“ஏன் மறந்தேன்னு தெரியலம்மா. புதுசா வர்ற பசங்களுக்கு அந்தப் போர்டைப் பத்திப் பாடம் எடுக்கறவனே நான்தான். இப்ப லிஃப்டுக்குள்ள காலெடுத்து வைக்கவே முடியல. லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்ட் பயம்னு வெளிய சொன்னா சிரிக்க மாட்டாங்க?”

இதற்கு என் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. எத்தனாவது பக்கம் என்றுகூடத் தெரியும். தொண்டை வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

“வேலையை விடணும்னு ஆசையாப்பா?”

“ஆசையா?” என்றார். “அந்த லிஃப்டு மோட்டார் சத்தம் கேக்காம எனக்குப் பகல்ல தூக்கம்கூட வரல.”

மிக்ஸி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே சொன்னார்: “அந்த ஆறாவது பாயிண்ட் இருக்குல்ல? இதை எடுத்துடு. போன தடவை சொன்னதையும்.”

அழிக்க மனசே இல்லை. பொய் சொல்ல மாட்டேன். இவ்வளவு நல்ல பேட்டி எங்கள் வகுப்பில் ஒருத்தருக்கும் கிடைத்திருக்காது. அவர் கண்ணெதிரிலேயே இரண்டையும் அழித்தேன்.

“டைரில எழுதிக்கலாமா?”

“அதை உங்க மேடம் திருத்துவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்ப எழுதிக்கோ.”

எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு காகிதம் எடுத்து வந்தார். விருப்ப ஓய்வு விண்ணப்பத்தின் நகல். “உன் பேப்பர்ல இருக்கற மாதிரி இதுல ஏதாவது இருக்கா பாரு.”

“நீங்க படிக்கலையா?”

“இதை மட்டும் படிக்கல,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. “சீக்கிரம் முடிஞ்சா போதும்னு இருந்துச்சு.”

இருந்தது. இரண்டாவது பக்கம், பொடி எழுத்து: கடைசி வேலைநாளுக்கு முன்வரை எழுத்துமூலம் திரும்பப் பெறலாம். கடைசி நாள் வெள்ளி. இன்றைக்குப் புதன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அப்பா காலையிலேயே அலுவலகம் போனார். ஓய்வைத் திரும்பப் பெறும் கடிதத்தில் போர்டு மாட்ட மறந்ததையும் சேர்த்து எழுதியிருந்தார். வேண்டாமே என்றேன். “பாதி மட்டும் எழுதிக் கொடுத்து உன்னை மாதிரி நானும் ஃபெயில் ஆகவா?” என்றார்.

வீடு திரும்பியது மதியம் இரண்டு மணிக்கு. ஓய்வு ரத்து. ஆனால் விளக்கம் கேட்டு ஒரு மெமோ. கீழே பட்டறையில் மோட்டார் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார். யோசிக்கிறோம் என்றார்களாம்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதைச் சொல்ல ரெண்டு மாசமா? நான் என்ன பேயா பிசாசா?” என்று கத்தினாள். பிறகு உள்ளே போய் அழுதாள். அப்பா கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தார்.

செப்டம்பர் 1, திங்கள்

மேடத்திடம், “தகவல் கொடுத்தவர் விலகிட்டார், இரண்டு பதிவையும் அழிச்சுட்டேன்,” என்றேன். ஏன் என்று கேட்பார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. “சரி. வேற ஆள். பதினைந்துக்குள். தாமதத்துக்கு ஐந்து மார்க் குறையும்.” அவ்வளவுதான்.

ஐந்து மார்க்தான். இருந்தாலும் கொஞ்சம் மனசு வலித்தது, என்ன பண்ண.

செப்டம்பர் 4, வியாழன்

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் நாலிலிருந்து மூணுக்கு இறங்கினார். ஒரே ஒரு மாடி. என் கையைப் பிடித்த பிடியில் விரல் சிவந்துவிட்டது. மூணில் இறங்கி, “போதும்,” என்றார். மீதிக்கு இரண்டு பேரும் படி.

செப்டம்பர் 8, திங்கள்

அப்பாவைப் பட்டறைக்கு மாற்றிவிட்டார்கள். மெமோ மெமோவாகவே இருக்கிறது. லிஃப்ட் பக்கம் இன்றைக்கும் போகவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. (சாதனை!)

செப்டம்பர் 11, வியாழன்

எலி கிடைத்தது. அம்மாதான். பத்து வருஷத்துக்கு முன்னால் கடை வேலைக்குப் போக எடுத்த முடிவு. கடையிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டே, “முதல்ல அந்த ஆறாவது பாயிண்டைக் காட்டு,” என்றாள்.

செப்டம்பர் 13, சனி

அம்மாவின் பதிவை எழுதிக்கொண்டிருக்கிறேன். இருமல், ‘ம்’, டம்ளர் சத்தம், ஒன்று விடாமல். இருபத்திரண்டாவது நிமிஷத்தில் வருவதைப் பேட்டி எடுத்தபோது நானே சரியாகக் கவனிக்கவில்லை. இப்போது ஆறு தடவை கேட்டுவிட்டேன்.

அம்மா: அதனால கடைக்கே போயிடலாம்னு முடிவு பண்ணேன், அப்ப உங்கப்பா என்ன சொன்னார்னா…
(வெளியே லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம். சாவி. வீட்டுக் கதவு. அப்பா தனியாக உள்ளே வருகிறார். பையை வைக்கிறார். மூச்சு வாங்கவில்லை.)
அம்மா: (11 வினாடி)
நான்: (குறுக்கே பேசவில்லை)