குட்டை மாத்திரையும் நெட்டை மாத்திரையும்

அன்புள்ள பம்பரத்துக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். கடையும் வீடும்கூடச் சௌக்கியம்தான், உன் அப்பா மாடிப்படிக் கைப்பிடியைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னும் திரும்ப மாட்டவில்லை என்பதைத் தவிர. நீயும் சௌக்கியம் என்று எழுதியிருக்கிறாய். அதில் பாதியை நம்பிவிட்டு மீதியைத் தள்ளி வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் காதில் நிற்காது, எழுதி அனுப்பு என்று நீ கேட்டதால்தான் இந்தக் கடிதம். இதையும் நீ பாதி படித்து எங்கேயாவது வைத்துவிட்டு, சாவியைத் தேடும்போதுதான் மறுபடி கண்டெடுப்பாய். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எந்த மாத்திரையும் ஒத்துக்கொள்ளாது என்று ஆகிவிடாது. நீ நிறுத்திவிட்டதை உன் டாக்டரிடம் போய்ச் சொல். மிச்சத்தைச் சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம்.

பசி போய்விட்டது, சாயங்காலம் ஆனால் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறேன், மாத்திரை போட்டால் நான் நானாகவே இல்லை என்றெல்லாம் எழுதியிருந்தாய். சரி, ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்தினாய். ஆனால் டாக்டர் மறுபடி வரச் சொன்ன நாளில் போகாமல், எல்லாம் நன்றாகப் போகிறது என்று அங்கே ஒரு செய்தியை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் சரக்கு அனுப்புகிற உன் வேலையில், வடக்கே போக வேண்டிய லாரியைத் தெற்கே அனுப்பிவிட்டாய். அது போய்ச் சேர்ந்த ஊரில் யாரும் கேட்காத கட்டில்களை இறக்கி வைத்துக்கொண்டு டிரைவர் உனக்குப் போன் போட்டிருக்கிறார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். நீ அலைந்து திரிந்து வாங்கிய வேலை, உனக்குப் பிடித்த வேலை. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தாய், நானும் மூச்சுவிடவில்லை.

எது நல்ல மாத்திரை என்று கேட்டிருக்கிறாய். நான் டாக்டர் இல்லை, கண்ணாடிக் கடையில் சட்டம் அடிக்கிறவள். பார்த்ததைச் சொல்கிறேன். உனக்கு ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, என்று சொன்னபோது டாக்டர் கேட்ட கேள்விகளை எல்லாம் நீ போனில் வாசித்துக் காட்டினாய், நினைவிருக்கிறதா. ஒவ்வொரு கேள்விக்கும் நான் நிமிர்ந்து உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் எதிரே ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் அளவுநாடாவுமாக, எதை அளக்க வந்தோம் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். பிறகுதான் அவரை இங்கே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். இந்த வயதில் இதற்கெல்லாம் மருந்தா, நாலு நாள் நாற்காலியில் கட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்றாள் உன் சித்தி. அவளுக்குத் தன் வீட்டுக்காரரைக் கட்டிப்போட நெடுநாளாக ஆசை, அதை விடு.

உன் அப்பாவுக்கும் அதேதான் என்று சொன்ன டாக்டரம்மா எடுத்தவுடன் மாத்திரை எழுதவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், நாடி பார்த்தார், குடும்பத்தில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்று கேட்டார். இந்த ஊக்க மருந்துகளில் பெரிதாக இரண்டு குடும்பம் என்றார். ஒன்று மெத்தில்ஃபெனிடேட், இன்னொன்று ஆம்ஃபெட்டமின். இதில் இது உசத்தி, அது மட்டம் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாதாம். சிலருக்கு இது பிடிக்கும், சிலருக்கு அது, இரண்டுமே சரிப்படுகிறவர்களும் உண்டு, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை, குறைந்த அளவில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு குடும்பத்திலும் கொஞ்ச நேரம் வேலை செய்கிறதும் இருக்கிறது, காலையில் ஒன்று போட்டால் பொழுது சாய்கிறவரை இழுக்கிறதும் இருக்கிறது. வெளியே வந்து செருப்பு மாட்டுவதற்குள் உன் அப்பா இவற்றுக்குக் குட்டை, நெட்டை என்று பெயர் வைத்துவிட்டார். இப்போது வீட்டில் அதுதான் புழக்கம்.

முதலில் முதல் குடும்பத்துக் குட்டை. போட்ட கொஞ்ச நேரத்தில் மனிதர் உட்கார்ந்து வேலை பார்த்தார். ஒரு ஜன்னலுக்கு அளவெடுத்தால் அந்த ஜன்னலுக்கே கண்ணாடி வெட்டினார். ஆனால் மத்தியானத்துக்குள் அது இறங்கிவிடும், மறுபடி ஒன்று போட வேண்டும். மறதிக்காரருக்கு மருந்தைக் கொடுத்து, அதை வேளைக்கு மறக்காமல் போடு என்றால் என்ன நடக்கும். போட மறந்தார். இறங்குகிற நேரத்தில் கடைக்கு வருகிறவர்களிடம் வள்ளென்று விழுந்தார், நீ எழுதியிருக்கிற அதே எரிச்சல். அது நீ கெட்டவளாகிவிட்டதால் வருவதில்லை, மருந்து இறங்குகிறபோது சிலருக்கு அப்படி வரும் என்று டாக்டரம்மா சொன்னார். அதனால் நெட்டைக்கு மாற்றினார்.

நெட்டை வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. அது கொஞ்சம் பலமாக இருக்கிறது, பாதி போட்டுப் பார்க்கிறேன் என்று யாரையும் கேட்காமல் அதைச் சவரப் பிளேடால் நட்ட நடுவில் இரண்டாக வெட்டினார். எதைப் பார்த்தாலும் வெட்டுகிற கை. அந்த மாத்திரைக்குள் மருந்து மெதுவாகக் கசிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள், வெட்டினாலோ மென்றாலோ பொடித்தாலோ பல மணி நேரத்து மருந்து ஒரேயடியாக உள்ளே இறங்கிவிடும். பாதியைப் போட்டார், போட்டதையே மறந்து மீதிப் பாதியையும் போட்டார். நெஞ்சு படபடவென்று அடிக்க, முகமெல்லாம் சிவந்து, கடையில் இருந்த அலமாரி, கதவு, என் தையல் மிஷின் எல்லாவற்றையும் அளந்துகொண்டிருந்தவரை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பயந்துதான் போனேன். அன்று பூராவும் அங்கேயே படுக்க வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். டாக்டரம்மா கத்தவில்லை, மெதுவாகத்தான் பேசினார், அதற்கே இவர் தலை குனிந்துவிட்டது. அன்றிலிருந்து இங்கே ஒரு வழக்கம். மாத்திரை போட்டதும் தண்ணீர் குடித்த டம்ளரை மேஜையிலேயே கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்ந்திருந்தால் போட்டாயிற்று. அதை நிமிர்த்துகிற உரிமை எனக்கு மட்டும்தான், படுக்கப் போகும்போது நிமிர்த்துவேன். அங்கே நிமிர்த்த ஆள் இல்லாவிட்டால் நீயே பல் தேய்க்கும்போது நிமிர்த்திக்கொள்.

பிறகு ஒழுங்காக நெட்டையைப் போட்டார். வேலை நேர்கோடாக நடந்தது. ஆனால் சீட்டி நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சீட்டியை நிறுத்தச் சொல்லி நான் தொண்டை வற்றியிருக்கிறேன், உனக்கே தெரியும். நின்றபோது வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. கேலி இல்லை, கிண்டல் இல்லை, கேட்டதற்கு மட்டும் பதில். ஜன்னலெல்லாம் சாத்திய அறையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். நீ நீயாக இல்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அவர் இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டார், நான் சொன்னேன். அளவு கூடுதலாக இருந்தாலும் இப்படி ஆகும், மருந்து சேராவிட்டாலும் ஆகும் என்று முதலில் அளவைக் குறைத்துப் பார்த்தார், அப்புறம் இரண்டாவது குடும்பத்து நெட்டைக்கு மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். அது இவருக்குச் சேர்ந்தது. வாய் உலர்கிறது, மத்தியானம் பசிப்பதில்லை, அதனால் காலையில் முட்டையும் ரொட்டியும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. நேரம் கழித்துப் போட்டால் தூக்கம் கெடுகிறது, அதனால் விடிந்ததும் போட்டாக வேண்டும். ரத்த அழுத்தம் அவ்வப்போது பார்க்கிறோம். சீட்டி திரும்பி வந்துவிட்டது, நானும் மறுபடி திட்டுகிறேன். ஆளே மாறிவிட்டார் என்று நினைக்காதே, மாடிப்படிக் கைப்பிடியை மேலே சொன்னேன். உனக்கு இதே மருந்துதான் வேண்டும் என்று சொல்லவில்லை, உனக்கு முதல் குடும்பமே குறைந்த அளவில் சரியாக இருக்கலாம். அதை உன் டாக்டர் பார்ப்பார், அவருக்கு உண்மை தெரிந்தால்.

இனி ஒரு விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது அப்பா போனைக் காதிலேயே வைத்திருந்தார், குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வைத்ததும் என்னிடம், அவ மாத்திரைய நிறுத்திட்டா போலிருக்கே என்றார். சத்தியமாக நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்றீங்க என்றேன். நடுவுல கொஞ்ச மாசம் சொல்ல வந்தத முழுசாச் சொன்னா, இப்ப மறுபடி பாதியிலயே விட்டுட்டு வேற எதுக்கோ போயிடுறா என்றார். யார் பேச்சையும் முடிகிறவரை கேட்டறியாத மனிதர். நீ மழலை பேசியபோதே உன் வாக்கியத்தை அவர்தான் முடித்து வைப்பார். அவர் முதல் தடவையாக முழுக்கக் கேட்டது உன் பேச்சைத்தான், கேட்டதும் கண்டுபிடித்துவிட்டார். அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். உன்னை நினைத்துக் கவலை, அவரை நினைத்துச் சந்தோஷம், இரண்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் தன் மாத்திரை டப்பாவை உனக்கு அனுப்பப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அவரவர் உடம்புக்கு அளந்து எழுதின மருந்து, அடுத்தவருக்குக் கொடுப்பது குற்றம் என்று பிடுங்கி வைத்தேன்.

ஆகவே இந்த வாரமே டாக்டரிடம் போ. எத்தனை மணிக்கு எரிச்சல் வருகிறது, எப்போது பசி போகிறது, லாரி எங்கே போனது, எல்லாவற்றையும் சொல், வெட்கப்படாதே. இந்தக் கடிதத்தையே கையில் எடுத்துக்கொண்டு போனாலும் சரி. நிறைந்த ஆயுளோடும் தெளிந்த மனதோடும் நன்றாக இரு, என் கண்ணே. காலையில் சாப்பிடாமல் கிளம்பாதே. டம்ளரைக் கவிழ்த்து வை.

அப்பாவுக்குத்தான் தெரிந்துவிட்டதே, அதனால் உறையை ஒட்டுவதற்கு முன் இதை அவரிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன். வழக்கம்போல இரண்டு வரி பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடப் போய்விடுவார்.

என்றும் உன் நலம் விரும்பும்,
அம்மா

மகளே, மாத்திரையை வெட்டியது சவரப் பிளேடால் இல்லை, கண்ணாடி கீறுகிற வைரமுனையால். வெட்டு நேராகத்தான் வந்தது. மற்றபடி அம்மா எழுதியது எல்லாம் சரி. எனக்கும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து போன் போடு. முழுக்கக் கேட்கிறேன்.
அப்பா