காலையில் ஒரு குரோனர்

ஸ்கார்விகா
மே 14, வியாழன்

அன்பு மகன் ஓஸ்முனுக்கு,

நான் நலம், முழங்காலைத் தவிர. நீயும் ஹேஸலும் குட்டி இங்காவும் நலமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரு வழியை நானே என் கையால் அடைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் எதை ஆரம்பித்தாலும் பாதியில் இங்கா எதையாவது கொட்டிவிடுவாள், ஒரு நிமிஷம் அம்மா என்பாய், அந்த ஒரு நிமிஷம் அடுத்த மாதம்தான் முடியும். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. இன்று விண்ணேற்றத் திருநாள், கடை கிடையாது, பஸ் கிடையாது, எனக்கும் வேறு வேலை கிடையாது.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். பின்பக்கத்து பிர்ச் மரம் போன வாரம் துளிர்த்துவிட்டது. கூரைத் தண்ணீர்க் குழாயை இந்த வருடமும் நானே ஏணி வைத்துச் சரிசெய்தேன், திட்டாதே, விழவில்லை. அப்பாவின் கல்லறையில் பூச்செடி வைத்தேன், மான் வந்து தின்றது, மறுபடி வைத்தேன், மறுபடி தின்றது, இனி அது மானுக்கும் அப்பாவுக்கும் உள்ள விவகாரம் என்று விட்டுவிட்டேன். உன் அறையில் தையல் மிஷினைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கட்டிலை எடுக்கவில்லை, அது அப்படியேதான் இருக்கிறது.

சுரங்கச் சமாச்சாரம் நியூஸிலாந்து வரை வந்ததா தெரியவில்லை. மலையைத் தோண்டிச் செம்பை எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணையெல்லாம் நம் ஃப்யோர்டுத் தண்ணீரில் கொட்டப்போகிறார்கள். பிப்ரவரியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் பனியில் உட்கார்ந்து சுரங்கத்து கேட்டோடு தங்களைச் சங்கிலியால் பூட்டிக்கொள்கிறார்கள், போலீஸ் வந்து சங்கிலியை அறுத்துத் தூக்கிக்கொண்டுபோய் ஆளுக்கு ஒரு அபராதம் போடுகிறது. அந்த அபராதத்தைக் கட்ட ஊர் ஊராக, போனிலேயே பணம் அனுப்புகிற ஸ்னாரில் பணம் சேர்த்தோம், நானும் போட்டேன். ஏப்ரல் கடைசியில் ஸ்னார் கம்பெனி அந்த வசூல் எண்ணை ஒரே நாளில் மூடிவிட்டது. சட்டத்தை மீறுகிறவர்களுக்கு எங்கள் வழியாகப் பணம் போகக் கூடாது என்று ஒரு அறிக்கை, மறுநாளே ஒரு மந்திரி டிவியில் வந்து துணிச்சலான முடிவு என்று பாராட்டு. சுரங்கம் வேண்டும் என்கிற சங்கத்துக்கு மட்டும் அதே ஸ்னாரில் இன்றைக்கும் வசூல் நடக்கிறது. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தண்ணீரில் வந்த மீனை முப்பத்தொரு வருடம் குடல் எடுத்து உன்னைப் படிக்கவைத்தவள் நான்.

உன் பழைய தலைமை ஆசிரியை தூர்டிஸ்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றாள். கடை வாசலில் என் கூடையைப் பிடித்துக்கொண்டு, போர்கில், சனிக்கிழமை டவுனுக்கு பஸ் போகுது, ஸ்னார் ஆபீஸ் முன்னாடி நின்னு பன்னண்டு மணிக்கு எல்லாரும் ஒண்ணா கணக்க மூடுறோம், நீ வரலைன்னா வீட்டுக்கே வந்து இழுத்துட்டுப் போவேன் என்றாள். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கோபம் பாதி, பஸ் பாதி. நாற்பது பேரோடு நெருக்கி உட்கார்ந்து ஒரு இடத்துக்குப் போய் எத்தனை காலமாயிற்று. பழைய வால்பேப்பரின் பின்பக்கத்தில் எழுதித் தட்டி கட்டினேன். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து இருபது ரொட்டி கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் தூர்டிஸ் அதைப் பார்த்துவிட்டு, என்னடி இது, நாம என்ன ஜெயிலுக்கா போறோம் என்று கேட்டாள். உள்ள போட்டா போடட்டும், அங்கயாவது மூணு வேளையும் ஆளுங்களோட உக்காந்து சாப்பிடலாம் என்றேன். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

எதிர்வீட்டு மாக்னார் மட்டும் வரவில்லை. அவன் மகன் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான், எப்படி வருவான். நாங்கள் புறப்படும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எல்லாத்தயும் மூடிட்டுத் திரும்பி வர்றப்போ காப்பிக்கு எதுல காசு குடுப்பீங்க என்று கத்தினான். உன் காப்பிய நாங்க கேக்கல என்று நானும் கத்திவிட்டு ஏறினேன்.

இப்போது நம் குரோனருக்கு வருகிறேன். அப்பா இறந்த வருடம் நிலவறைப் படியில் நான் விழுந்து ஒரு பகலும் ஒரு இரவும் அங்கேயே கிடந்தேனே, அதற்குப் பிறகு நீ சொன்ன யோசனைதான் அது. அம்மா, காலைல எழுந்ததும் ஸ்னார்ல எனக்கு ஒரு குரோனர் அனுப்பு, நீ எழுந்துட்டன்னு எனக்குத் தெரியும், நான் அதயே திருப்பி அனுப்புறேன், நான் பாத்துட்டேன்னு உனக்குத் தெரியும் என்றாய். நான்கு வருடமாக அந்த ஒரே குரோனர் உலகத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. காலை ஆறு மணிக்கு அனுப்புவேன், கூடவே இரண்டு வார்த்தை எழுதுவேன். முதலில் நீயும் எழுதினாய், பிறகு ஒரு கட்டைவிரல் படம், பிறகு குரோனர் மட்டும். எனக்கு அது போதும். அதிலிருந்து ஒரு நிமிஷம் தாண்டியதில்லை. மாதா கோயில் காப்பி நேரத்தில் பெண்களிடம் போனை நீட்டி, பாருங்கடி, ஆறு மணிக்கு அனுப்பினா ஆறு ஒண்ணுக்கு பதில், என் பையன் போனக் கையில புடிச்சுக்கிட்டே உக்காந்திருப்பான் என்று பெருமையடித்திருக்கிறேன். அவர்கள் பொறாமையில் கேக்கைக் கிள்ளிக்கொண்டிருப்பார்கள்.

சனிக்கிழமை அந்தக் கண்ணாடி ஆபீஸ் முன்னால் நானூறு பேராவது இருந்திருப்போம். மேல்மாடியில் இரண்டு பேர் ஜன்னல் ஓரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எல்லோரும் போனை எடுத்தோம். என் மூக்குக்கண்ணாடி பஸ்ஸில் ரொட்டிப் பையில் தங்கிவிட்டது, அதனால் தூர்டிஸ் என் போனை வாங்கிப் படித்துச் சொன்னாள். வகுப்பில் படிக்கிற அதே குரல், சுற்றி நாலு பேருக்குக் கேட்கும்படி. ஓஸ்முன்கிட்டேருந்து தினமும் வர்ற ஒரு குரோனர், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபர் ஒன்பதுலேருந்து தானியங்கி, பணம் வந்ததும் தானாத் திருப்பி அனுப்புற ஏற்பாடு, கணக்க மூடினா இது நின்னுபோகும், அனுப்புறவருக்குத் தகவல் சொல்லவா, ஆமான்னு ஒரு பட்டன், வேண்டாம்னு ஒரு பட்டன். படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அதெல்லாம் இப்ப எல்லாரும் பண்றதுதான் போர்கில் என்று மெல்லச் சொன்னாள். அவள் மெல்லப் பேசி நான் கேட்டதே இல்லை. அதற்குள் கோயில் மணி அடித்தது, நானூறு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள், நானும் அழுத்தினேன். தகவல் வேண்டாம் என்பதையும் அழுத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

ஒன்றரை வருடம் ஓஸ்முன். பத்து மணி நேர வித்தியாசம், எனக்கு ஆறு என்றால் உனக்கு மாலை நாலு, ஆபீஸில் ஆயிரம் வேலை இருக்கும், எனக்குப் புரியாமலில்லை. ஒரு நாளும் தவறாமல் ஒரே நிமிஷத்தில் வந்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், மனுஷன் என்றால் அவ்வளவு சரியாக இருக்க மாட்டான். குரோனர் போனால் போகிறது. அதோடு நான் எழுதி அனுப்பிய இரண்டு வார்த்தைகளைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். டிசம்பரில் ஒரு நாள், இன்று எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்று எழுதினேன். அதற்கும் ஆறு ஒன்றுக்கு ஒரு குரோனர் வந்தது. பாத்துட்டான் என்று நினைத்து அன்றைக்கு எழுந்து அடுப்பை மூட்டினேன்.

தகவல் சொல்ல வேண்டாம் என்று அழுத்தியது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். குரோனர் வராவிட்டால் என்ன செய்கிறாய் பார்ப்போம் என்று ஒரு வீம்பு. இன்றைக்குப் பன்னிரண்டு நாள், உன்னிடமிருந்து ஒரு போனும் இல்லை. முதல் இரண்டு நாள் போனை அடுப்பங்கரைக்கும் குளியலறைக்கும் தூக்கிக்கொண்டே திரிந்தேன். மூன்றாம் நாள், நான் எழுந்தேன் என்று யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பத்து மணி வரை படுத்தே கிடந்தேன். அப்போது ஜன்னலை யாரோ மடார் மடார் என்று தட்டினார்கள். போர்கில், உயிரோட இருக்கியா, இல்ல கதவ உடைக்கவா என்று ஒரு சத்தம். திரையைத் தூக்கினால் மாக்னார், கையில் கடப்பாரை. உன் திரை ஏழு மணிக்கு ஏறும், இன்னிக்கு பத்தாகியும் ஏறல என்றான். எத்தன நாளா என் திரையப் பாக்குற என்று கேட்டேன். ஹால்வார் போனதுலேருந்து என்றான். அப்பாவின் பெயரை ஒருவர் சத்தமாகச் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே வந்து காப்பி குடித்தான், சுரங்கத்தைப் பற்றி அரை மணி நேரம் சண்டை போட்டோம், நன்றாக இருந்தது.

கணக்கை மூடியதற்கு நான் வருந்தவில்லை, அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். பேப்பரில் ஆயிரத்து நூறு பேர் மூடியதாகப் போட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர்களின் கருத்தை மதிக்கிறோம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது, வசூல் எண் மூடியபடிதான் இருக்கிறது. ஸ்னார் இல்லாமல் ஊரில் பாடுதான், சில்லறை வைத்துக்கொள்கிற பழக்கமே எல்லோருக்கும் போய்விட்டது. பாண்டு வாத்தியக்காரர்கள் வாஃபிள் விற்றபோது வாங்க ஆட்கள் இருந்தார்கள், காசுதான் ஒருவரிடமும் இல்லை. தூர்டிஸ் மட்டும் கூச்சப்படாமல் போனை எடுத்து நீட்டினாள். என்னடி இது என்றால், இது என் புருஷன் கணக்கு, அவருக்கு அரசியல் கிடையாது என்கிறாள்.

இதைப் படித்துவிட்டு உடனே பதறிப் போன் செய்யாதே. நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க இனி மாக்னார் போதும். வேலை முடிந்து ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து, உன் பக்கத்து ஸ்னாரில் நான் எழுதியதெல்லாம் இருக்கும், அதை முதலிலிருந்து படி. அதற்கப்புறம் கூப்பிடு. இங்காவுக்குக் கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறேன், கால் அளவு தெரியாமல் பெரிதாகவே பின்னினேன். ஹேஸலை நன்றாகச் சாப்பிடச் சொல். நீ வண்டியை மெதுவாக ஓட்டு. கடவுள் உங்கள் மூவரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இந்தத் தாளின் கீழே ஒரு குரோனர் காசை ஒட்டியிருக்கிறேன், நடுவில் ஓட்டையோடு. அப்பாவின் மழைக்கோட்டுப் பையில் கிடந்தது. இது தானாகத் திரும்பி வராது. தபாலிலும் அனுப்பாதே. நீயே கொண்டுவந்து என் கையில் கொடு.

என்றும் உன் அம்மா,
போர்கில்