மாணிக்கம் அங்கிளின் நாடித்துடிப்பு

ஜூன் 8, திங்கள்

காலையிலிருந்து மழை. பிரிக்ஃபீல்ட்ஸில் லோங்காங் நிரம்பி, சாக்கடைத் தண்ணியில் ஒரு செருப்பு போச்சு. தையல்காரர் ரவிக்கையை இன்னும் தரவில்லை. "நாளைக்கு கண்டிப்பாலா அக்கா" என்கிறார், நாலாவது முறை.

செய்ய வேண்டியவை: பேராசிரியர் பதவி நேர்காணலுக்கு (24) ஸ்லைடு. டயர். அம்மாவுக்கு மருந்து. ஐனியிடம் ஜனவரிக் கோப்பு.

கோப்பு எதற்கு என்றால், கிள்ளான் மாணிக்கம் அங்கிள் மறுபடியும் ஃபோன். பள்ளி வேன் ஓட்டுபவர், என் ஆய்வுக்கு மனமுவந்து வந்தவர். நெஞ்சில் ஒட்டும் என் பட்டை துடிப்பை அளக்கும். ஜனவரியில் நாங்கள் அளந்த இயல்புக்கு மேலே போனால் கூவும். அவருக்கு ஒரு நாளில் நாலைந்து தடவை கூவுகிறதாம்.

"ஆஸ்பத்திரியில நோர்மல்னுதான் சொல்றாங்க டாக்டர். ஆனா நம்ம டாக்டர் செஞ்ச மெஷின் பொய் சொல்லாதுலா."

நம்ம டாக்டர். கேட்கப் பெருமையாக இருந்தது, இல்லை என்பானேன்.

ஜூன் 9, செவ்வாய்

உதவி ஆய்வாளர் ஐனி கோப்பை அனுப்பினாள். அவளுடைய மூலப்பிரதி. என் பிரதியில் இல்லாத ஒரு பத்தி அதில் இருக்கிறது: 'குறிப்பு'. பாதிக்கு மேற்பட்ட பெயர்களுக்கு நேரே: புவாசா (விரதம்), ஒரு வேளை உணவு.

அந்தப் பத்தியை நீக்கியது நான். அட்டவணை அழகாக இருக்கட்டும் என்று.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தைப்பூசத்துக்கு முந்தின வாரங்கள். தமிழர்கள் ஒரே இடத்தில் கிடைக்கிறார்களே என்று கோயில் மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்து அளந்தோம். ஐனி கேட்டாள்: "டாக்டர், இவங்கல்லாம் புவாசால இருக்காங்களே, இப்ப அளக்கலாமா?"

நான் சொன்னது: "உங்க புவாசா மாதிரி இல்லலா. வெறும் சைவம்தான்."

எனக்குத் தெரியாது. ஒரு நாள் விரதம் இருந்ததில்லை. ஒரு மலாய்ப் பெண் முன்னால் 'தெரியாது, கேட்டுப் பார்க்கிறேன்' என்று சொல்லக் கூச்சம். அவ்வளவுதான் நடந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

வாரக்கணக்கில் குறைவாகச் சாப்பிட்டால் துடிப்பு குறையும். நானே முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தும் பாடம். குறைந்த துடிப்பை 'இதுதான் இயல்பு' என்று பட்டைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இப்போது மூன்று வேளை சாப்பிடுகிற யாரைப் பார்த்தாலும் அது கூவும்.

ஐனி சொன்னது ஒன்றே ஒன்று: "நான் எழுதி வெச்சிருந்தேன் டாக்டர்." திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 13, சனி

கிள்ளான் போனேன். நேரில் சொல்லிவிடுவது என்று. ஃபெடரல் ஹைவே நெடுக ஒத்திகை: அங்கிள், தப்பு என்னுடையது.

வாசலில் வேன், மேலே தார்ப்பாய். ஓட்டுவதையே நிறுத்திவிட்டாராம். "பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு போறப்ப நெஞ்சு நின்னுடுச்சின்னா? பாவம்லா, அடுத்த வீட்டுப் பிள்ளைங்க." இத்தனை வருஷத்தில் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை என்றார் ஆன்டி. மைலோ, கறிபாப்.

அங்கிள் தயங்கித் தயங்கி: "நான்தான் பட்டையைச் சரியா ஒட்டலயோ டாக்டர்? உங்க ஆராய்ச்சி கெட்டுப்போயிடப் போவுது. மன்னிச்சுக்குங்க."

என்னிடம் மன்னிப்பு.

"பாக்கறேன் அங்கிள்" என்றேன். கறிபாப் இரண்டு தின்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

நேர்காணல் முடியட்டும் என்றுதான் சொல்லவில்லை. வேறு காரணம் எழுதினால் அதுவும் பொய்.

ஜூன் 24, புதன்

ரவிக்கை தோளில் பிடிக்கிறது. நேர்காணல் குழுத் தலைவர்: உங்கள் சமூகத்து மக்களிடமே எடுத்த தரவு, இதுதான் உங்கள் பெரிய பலம். நன்றி சொன்னேன். சிரித்துக்கொண்டே.

ஸ்லைடு மாற்ற ஐனி பக்கத்தில் இருந்தாள். அந்தப் பக்கம் திரும்பவில்லை நான். டயர் இன்னும் மாற்றவில்லை.

ஜூலை 3, வெள்ளி

புகைமூட்டம், தொண்டை எரிச்சல். கடிதம் வந்துவிட்டது: பேராசிரியர். அம்மா வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சொல்லியாச்சு. பத்துமலைக்குப் போய் அர்ச்சனை செய்யணுமாம். எந்த முகத்தோடு?

ஐந்து மணிக்கு மாணிக்கம் அங்கிள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மெஷின் இப்ப சத்தமே போடறதில்ல டாக்டர்! நீங்க வந்துட்டுப் போன மறுநாளே முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். தைப்பூசத்துக்கு இருப்பேன்ல, அதே மாதிரி ஒரு வேளைதான் சாப்பாடு. நாலு நாளா கூவவே இல்ல. இனிமே ஆயுசுக்கும் இப்படியே இருந்துடறேன்."

உட்கார்ந்தேன்.

"அங்கிள், சாப்பிடுங்க" என்றேன். "மூணு வேளையும் சாப்பிடுங்க. உங்க உடம்புக்கு ஒண்ணுமில்ல. மெஷின்தான் தப்பு. நான் தப்பா செஞ்சிட்டேன். தெரிஞ்சும் அன்னிக்கு உங்க வீட்ல சொல்லாம வந்துட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். விரதம், ஐனி எழுதிய பத்தி, நான் அழித்தது. அவர் பக்கம் டிவியில் ஏதோ நாடகம்.

"அப்போ நான் நல்லாத்தான் இருந்தேனா டாக்டர்?"

"ஆமா அங்கிள்."

"போன வாரம்தான் வேனை வித்தேன்."