நடுவில் பிடிக்கும் காசு

நயினார்கோவில்,
மாசி மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகள் மதுமதிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன்னைப் பெற்ற அய்யாவும் சுகம். உன் சுகத்தை நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்பாய். நீ நன்றாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

உன்னோடு படிக்கும் மின்ஹா லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜியாவுக்குத் திரும்புகிறாள். மிளகாய்ப்பொடி, பருப்புப்பொடி, உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு எல்லாம் அவளிடம் கொடுத்திருக்கிறேன். கூடவே இந்தக் கடிதம். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய், அய்யா போனைப் பிடுங்கி வைத்துவிடுகிறார். கடிதத்தை யாரும் பிடுங்க முடியாது. முழுதும் படி.

இந்த வருஷம் மார்கழி மழையில் பள்ளத்து வயல் மிளகாய் அழுகிப்போனது. மேட்டு வயல் தப்பியது. முதல் பறிப்பு ஆகி வீட்டு முன்னால் காய்கிறது. விலை சுமார். ஊர்க்கதை இவ்வளவு போதும்.

போன வாரம் மின்ஹாவின் அம்மா மலிகா ராமநாதபுரத்திலிருந்து போன் செய்தாள். நலம் விசாரித்துவிட்டு, "அக்கா, மதுவுக்கு இப்ப மனசு தேவலையா? பரீட்ச போச்சேன்னு பிள்ள ரொம்ப ஒடஞ்சு போய்ட்டாளாமே" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பரீட்சை என்று கேட்டேன்.  அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பீஸ் வந்து சேராததால் உன்னைப் பரீட்சைக்கு உள்ளே விடவில்லையாம். மற்ற பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்க, நீ குளிரில் வாசலில் நின்றாயாம். அன்று சாயங்காலம்தான் என்னிடம் போனில் "நல்லா எழுதிருக்கேம்மா" என்று சொன்னாய். நானும் நம்பி, நாகநாதருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

அடி பாவி மகளே, கார்த்திகை மாதமே என் சங்கிலியையும் வளையலையும் அடகு வைத்துப் பணம் கட்டியாயிற்றே! உன் சித்தப்பா யோகேஸ்வரன் கையில் அய்யாதான் கொண்டுபோய்க் கொடுத்தார். வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஆபீஸ் வைத்திருக்கிறவர், சொந்தத் தம்பி, அவர் மூலமாகப் போனால்தான் பத்திரம் என்பது அய்யாவின் எண்ணம். "பேங்க்குக்குப் போனா ஆயிரம் கேள்வி கேப்பான் மதினி. என்னட்டக் குடுங்க. நம்ம பிள்ளைக்கு நான் சார்ஜா வாங்கப் போறேன்?" என்று உன் சித்தப்பா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாளே பஸ் ஏறி ராமநாதபுரம் போனேன். அங்கே மலிகா கூட வந்தாள். அவள் மின்ஹாவுக்கு இரண்டு வருஷமாகத் தானே பணம் அனுப்புகிறாள். வங்கிக்குப் போகும்போதே சொன்னாள்: "அக்கா, சார்ஜ் எம்புட்டுன்னு கேக்காதீங்க. மூவாயிரம் டாலர் கொறையாம அங்க போய்ச் சேர எங்கிட்டருந்து மொத்தமா எம்புட்டுப் போகும்னு கேளுங்க. அப்பத்தான் உண்மை வரும்."

அப்படியே மூன்று இடத்தில் கேட்டேன். நம் கணக்கு இருக்கும் வங்கியில் அனுப்புகிற செலவு கொஞ்சம், டாலர் விலை கூட. மலிகா அனுப்பும் வங்கியில் செலவு கூட, டாலர் விலை குறைவு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் "கட்டணம் இல்லை" என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தமாகக் கணக்குப் போடச் சொன்னேன். இல்லாத கட்டணத்தை டாலர் விலைக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தார்கள். ஆனாலும் மூன்றுக்கும் வித்தியாசம் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்தான். உன் சித்தப்பா நம்மிடம் வாங்கியது அந்த மூன்றையும் விட ஏறக்குறைய இருபதாயிரம் அதிகம். இத்தனைக்கும் கார்த்திகையில் டாலர் இன்றைக்கு விற்பதைவிட மலிவு என்று நம் வங்கியில் இருந்த பெண் சண்முகவள்ளி கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாள்.

இருபதாயிரம் போனால் போகிறது என்று விட்டிருப்பேன் மது. சத்தியமாக விட்டிருப்பேன். தேதிதான் என்னை எரித்தது. நேராக அவர் ஆபீசுக்குப் போனேன். கார்த்திகையில் வாங்கிய பணத்தை எப்போது கட்டினீர்கள் என்று கேட்டேன். முதலில் டீ குடிங்க மதினி என்றார். நான் உட்காரவே இல்லை. கடைசியில் வாயைத் திறந்தார். "டாலர் எறங்கும்னு பாத்தேன் மதினி. கொஞ்சம் எறங்குனதும் கட்டிரலாம்னு வச்சிருந்தேன். அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே போயிருச்சு. பரீட்ச முடிஞ்ச பெறகுதான் கட்ட முடிஞ்சது. எனக்கும் நட்டந்தான்" என்றார்.

நம்மிடம் அதிக விலைக்கு வாங்கிய பணத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கக் காத்திருந்திருக்கிறார். அவர் காத்திருந்த நாளெல்லாம் நீ அங்கே கல்லூரி ஆபீசில் தவணை கேட்டு நின்றிருக்கிறாய். தனக்கும் நஷ்டம் என்று என்னிடமே சொல்கிறார். அந்த மேஜையைக் கவிழ்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். மலிகா கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அய்யாவிடம் சொன்னேன். "ஏதோ தப்பு நடந்துருக்கும். பேசிக்கிருவோம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சமைத்து வைத்தேன், தட்டில் போட்டேன், ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி, தம்பி என்று இந்த மனிதர் தன் பங்கு வயலில் பாதியை அவருக்கு விட்டுக்கொடுத்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. இது வயல் இல்லை. என் பிள்ளை.

இரண்டு நாள் கழித்து உன் சித்தப்பாவே வீட்டுக்கு வந்தார், என்மேல் புகார் சொல்ல. ஆபீசில் நாலு பேர் முன்னால் நான் மானத்தை வாங்கிவிட்டேனாம். "பொட்டப்பிள்ளைய அம்புட்டுத் தொலவுக்கு அனுப்பிருக்கீக. அங்கன அவளுக்கு ஒண்ணுன்னா நாந்தான் நிக்கணும். குடும்பத்துக்குள்ள கணக்குப் பாத்தா நான் வெலகிக்கிறேண்ணே" என்றார். உனக்கு ஒன்று என்றால் அவர் நிற்பாராம்! நான் அடுப்படியிலிருந்து எழுந்து வருவதற்குள் அய்யா கேட்டார்.

"ஏலே, எம் பிள்ளைய பரீட்ச எழுத விடலையாமேடா?"

"ஒரு பரீட்சதாண்ணே. திருப்பி எழுதிக்கிரலாம்."

 அய்யா, "எந்திரிச்சுப் போ. இனி இந்த வாசல மிதிக்காத" என்றார். கத்தவில்லை. உன் சித்தப்பா காலைச் செருப்பில் நுழைக்கத் தெரியாமல் தடுமாறிக்கொண்டு போனதை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதிகமாக வாங்கிய அந்த இருபதாயிரத்தை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை. தருவார் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் மூலமாகப் பணம் அனுப்பும் வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் சில இருக்கின்றன அல்லவா, ஒவ்வொரு வீட்டுக்கும் போய் மொத்தக் கணக்கைக் கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன். உப்பூரில் ஒரு தாய் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் மகனும் அங்கே தவணை கேட்டுத்தான் நிற்கிறானாம். சொந்தக்காரர்கள் என்னைத் தூற்றுகிறார்கள். குடும்பத்தைப் பிரித்தவள் என்று பெயர் வந்திருக்கிறது. வரட்டும்.

நேற்று அய்யாவும் நானும் வங்கிக்குப் போனோம். பான் கார்டு, உன் பாஸ்போர்ட் நகல், கல்லூரி அனுப்பிய கடிதம் எல்லாம் கேட்டார்கள். ஆயிரம் கேள்வி இல்லை. ஒரு காலைப்பொழுது ஆனது, அவ்வளவுதான். அடுத்த பீசும், விட்டுப்போன பரீட்சைக்கான பணமும் நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகிறது. உன் சாப்பாட்டுக்குத் தனியாக உன் கணக்குக்கு. இதற்கு எதை விற்றோம் என்று கேட்காதே.

கையெழுத்துப் போடும்போது சண்முகவள்ளி கேட்டாள்: "நடுவுல ஒரு வெளிநாட்டு பேங்க் வழியாப் போகும். அவங்க கொஞ்சம் பிடிப்பாங்க. அத நீங்க ஏத்துக்கிறீங்களா, வாங்குறவங்க பணத்துல கழிச்சுக்கிரட்டுமா?" நான் வாயைத் திறக்கும் முன்னால் அய்யா சொன்னார்: "பிள்ள பணத்துல ஒத்தக் காசு கழியக்கூடாது தாயி. நடுவுல எவன் பிடிச்சாலும் எங்ககிட்டப் பிடிக்கச் சொல்லுங்க." பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்மேல் இருந்த கோபம் அங்கே தீர்ந்தது.

உன்மேல் இருப்பது தீரவில்லை.

"மிளகாய் விலை கெட்டுக் கெடக்கு, அம்மாட்டச் சொல்லி நோகடிக்காத" என்று உன் சித்தப்பா சொன்னாராம், நீயும் சரி என்றாயாம். மின்ஹாவை உட்காரவைத்து நான் துருவித் துருவிக் கேட்டேன். அவளைக் கோபிக்காதே, அழுதுகொண்டேதான் சொன்னாள். மெஸ்ஸை நிறுத்திவிட்டாயாம். ஒரு வேளை ரொட்டியாம். சனி ஞாயிறு ஏதோ ஓட்டலில் பாத்திரம் கழுவப் போகிறாயாம். இந்த லீவுக்குக்கூட "படிக்கணும்மா, வரல" என்று சொல்லிவிட்டு அங்கேதான் போனாயாம். என் வீட்டில் நான் உன்னை ஒரு நாள் பசியோடு படுக்கவிட்டிருக்கிறேனா? பணம் இல்லை என்று சொல்ல உனக்கு வாய் இல்லையா? சித்தப்பாவுக்குப் பயந்தாயா, எங்களுக்குக் கஷ்டம் என்று இரங்கினாயா? எதுவானாலும் எனக்கு வேண்டாம். எங்கள்மேல் இரக்கப்பட நீ யார்? நான் உன் அம்மா. எனக்குத் தெரியாமல் நீ பட்டினி கிடக்க உனக்கு உரிமை இல்லை.

பணம் நாலைந்து நாளில் சேரும் என்றார்கள். சேர்ந்ததும் முதலில் வயிறு நிறையச் சாப்பிடு. அந்த ஓட்டல் வேலையை விடு. விட்டுவிட்டேன் என்று போன் செய். பரீட்சையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதை நீ எழுதிவிடுவாய், அதில் எனக்குக் கவலை இல்லை.

இனி எது குறைந்தாலும் என்னிடம் சொல். நான் திட்டுவேன். திட்டினாலும் சொல். ஒன்றும் குறையாவிட்டாலும் போன் செய்து அதையும் சொல். பொய்யாக மட்டும் சிரிக்காதே. உன் குரலை வைத்துக்கொண்டுதான் நான் இங்கே நாளை ஓட்டுகிறேன்.

நாகநாதர் உன் கூடவே நிற்கட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள்.

கோபம் தீராத உன் அம்மா,
வீரலட்சுமி.