கைகள் மட்டும் வரும் படம்

அன்பு மகள் றஷ்மிக்கு,

மாதாவின் காவலில் நீ அங்கே சுகமாய் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இஞ்ச எங்களுக்கும் குறை ஒன்றும் இல்லை, அப்பாவின் இருமல்தான் விட்டபாடில்லை. வெள்ளத்துக்குள் நின்று நிவாரணம் கொடுத்த மனுசன், மருந்தெடுக்கச் சொன்னால் இந்தக் கிழமை எங்கட பேப்பர் அச்சாகி வரட்டும் என்கிறார், பேப்பர் வந்தால் வடிகான் விசயமாய் மாநகரசபைக்கு ஓடுகிறார். போன கிழமையே எழுதியிருக்க வேண்டும், பிந்திப்போச்சு. போனில் சொல்லலாம் என்றால் உன் குரல் கேட்டதும் அவர் பக்கத்தில் வந்து இருந்துவிடுவார், அதனால்தான் இந்த ஈமெயில்.

அப்பா ஹெந்தளையில் மாக்ரெட் ரீச்சருக்கு அரிசிப் பொதி கொடுக்கிற படத்தை நீ பேஸ்புக்கில் போட்டு, எங்கட அப்பா என்று எழுதியிருந்தாய். உன்னில் பிழையில்லை பிள்ளை, முதல் பக்கத்தில் வந்த படம், பெருமைப்படாமல் என்ன செய்வாய். ஆனால் அது வந்திருக்கவே கூடாது. கொப்பி கொடுத்தாலும் மூக்குக்கண்ணாடி கொடுத்தாலும் எங்கட பேப்பரில் கைகள் மட்டும்தான் வரும், முகம் வராது, அது அப்பா பேப்பர் தொடங்கின நாளில் இருந்தே உள்ள வழக்கம். கொப்பி கொடுத்த பாமன்கடைக் கடைக்காரர் ஒருவர் அப்பாவிடம், ஸ்ரான்லி, என்ர கையைப் பாத்து என்ர மனுசிக்கே ஆளைத் தெரியேல்ல என்று சண்டைக்கு வந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும், அப்பா சிரித்துவிட்டு அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

அந்தக் கிழமை அப்பா வெள்ளத்தில் நிற்க, பக்கம் கட்டி அச்சுக்கு அனுப்பினது அப்பாவோடு பேப்பரில் வேலை செய்கிற ஹியூபேட் அங்கிள். இந்த ஒருக்காவாவது ஐயாவின் முகம் வரட்டும் என்ற ஆசையில் படத்தை வெட்டாமல் போட்டுவிட்டார். ஐயாவின் முகம் வந்தால் ரீச்சரின் முகமும் வரும் என்று அந்த அன்பில் யோசிக்கவில்லை. உனக்கு நாலாம் வகுப்பில் படிப்பித்த ரீச்சர், ஒருவரிடமும் கை நீட்டாதவ. ரியூசனுக்கு வந்த ஒரு பிள்ளை, ரீச்சர், நீங்க பேப்பரில அரிசி வாங்குறீங்க என்று சொன்னதாம். அன்றோடு ரீச்சர் வகுப்பை நிற்பாட்டிவிட்டா, ஞாயிறு பூசைக்கும் வரவில்லை.

அப்பா ஹியூபேட் அங்கிளை ஒரு சொல் ஏசவில்லை, அதுதான் அவருக்குக் கூடுதலாய்ச் சுட்டது. இரண்டு பேருமாய் வெள்ளவத்தை வரைக்கும் கடை கடையாய்ப் போய் விற்காத பிரதிகளைத் திருப்பி எடுத்தார்கள். பிறகு அப்பா ரீச்சரிடம் போய், அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்துப் போடட்டா என்று கேட்க, பாக்காத ஆக்களும் தேடிப் பாக்கவோ என்று கேட்டாவாம். பிழை வந்தால் அடுத்த இதழில் திருத்துவது ஒன்றுதான் அப்பாவுக்குத் தெரிந்த வழி. வீட்டுக்கு வந்து, பேப்பரை விட்டுவிடுவமா என்றார். அந்த ஆளைப் பேப்பர் இல்லாமல் நினைத்துப் பார்க்கவே ஏலாது.

அவருக்குச் சொல்லாமல் நான் ஹெந்தளைக்குப் போனேன். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, மாதா கோயில் மண்டபத்தில் நிவாரணப் பொதிக்குப் பருப்பு நிறுக்க ஆள் காணாது, வருவீங்களா என்று மட்டும் கேட்டேன். கமரா வந்தா நான் போயிருவன் என்றா. நேற்று வந்தா. வந்ததும் பரீட்சை மண்டபம் மாதிரி எல்லாருடைய போனையும் ஒரு பிளாஸ்ரிக் பேசினில் போடச்சொல்லி, அப்பாவுடையதையும் பறித்து, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டா. ஹியூபேட் அங்கிள் எல்லாருக்கும் முந்தித் தன்னுடையதைப் போட்டார். அதனால் படம் இல்லை, எழுத்தில்தான் சொல்ல ஏலும். அப்பா பையை விரித்துப் பிடிக்க, ரீச்சர் அள்ளிப் போட்டா, ஒழுங்காப் பிடிங்கோ ஸ்ரான்லி என்று ஏச்சும் விழுந்தது. வெளியில் இருந்து பார்த்தால் அப்பாதான் வாங்க வந்த ஆள்.

திங்கட்கிழமை ரியூசன் திரும்பத் தொடங்குகிறாவாம். உன்னையும் விசாரித்தா. பிள்ளைகளின் தாய்மார் எல்லாரும் பேஸ்புக்கில்தான் இருக்கிறார்கள், திங்களுக்கு முந்தி உன் பக்கத்தில் உள்ள அந்தப் படத்தை எடுத்துவிடு. ஏன் எடுத்தாய் என்றோ வருத்தம் என்றோ ஒரு வரியும் எழுதாதே, சத்தமில்லாமல் எடு.

காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, குளிருக்குக் காதை மூடு. உன் வயசில் எனக்கு நீ பிறந்துவிட்டாய், ஆனாலும் பயப்படாதே அம்மா என்று நீ சொன்னால் எனக்குக் கேட்காது. கடவுள் உன் போக்கிலும் வரவிலும் துணை நிற்கட்டும், அப்பாவின் முத்தமும் இதோடு.

எடுத்ததும் எனக்கு ஒன்றும் விளக்க வேண்டாம், ஓம் என்று மட்டும் அனுப்பு.

உன் அம்மா,
கொட்டாஞ்சேனை