நண்டு பதிய ஒரு பிறவுசர்

10 பெப்ரவரி, திங்கள்
லொறிக்காரன் இன்று நான் வள்ளங்களிடம் வாங்கி வைத்த நண்டை ஏற்றாமல் போய்விட்டான். எந்த வள்ளம், யாருடைய நண்டு என்று கொழும்புக் கொம்பனியின் இணையப் பக்கத்தில் மத்தியானத்துக்கு முன் பதிய வேண்டுமாம். தலையில் பனையோலைக் கடகம் சுமந்து நான் தொடங்கின தொழில் இது. அப்போது நண்டுக்கு எவரும் பெயர் கேட்கவில்லை. போனில் அந்தப் பக்கம் பாதிதான் தெரிகிறது. இருந்த லப்டொப்பை உப்புக்காற்று தின்றுவிட்டது.

11 பெப்ரவரி
தீவிலிருந்து யாழ்ப்பாணம் போனேன். கடைக்காரன் பிரசாந்தன் உள்ளங்கை அளவில் ஒரு பச்சைப் பலகை தந்தான். இதுவும் கொம்பியூட்டர்தானாம், ரிவியில் கொழுவினால் போதுமாம். மலிவு என்று வாங்கினேன். மலிவுச் சாமானைப் பற்றி எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வாங்கினேன்.

12 பெப்ரவரி
ரிவியில் படம் வந்தது. கொம்பனிப் பக்கம் வரவில்லை. பிறவுசர் பழசு, புதியதைப் போடு என்கிறது. பிரசாந்தன் போனில் சொல்லச் சொல்லத் தட்டினேன். இன்ஸ்ரோல் பாதியில் நின்றது. மறுபடி தொடங்க, மறுபடி நின்றது. போனின் டேற்றாவும் போச்சு.

பின்னேரம், தன் வள்ளத்து நண்டை எனக்கே தந்துவந்த அண்ணர் பத்திநாதர் வந்தார். "பிள்ளை, நான் இனி றொபேட்டிட்டைக் குடுக்கப்போறன். உன்ரை ரிவி வேலை செய்யுமட்டும் நண்டு பழுதாகாமல் இருக்காது."

றொபேட், சந்தியில் எனக்கு எதிராக நண்டு எடுக்கிறவன். வலை கிழிந்தால் காசுக்குத் தங்கச்சி, நண்டு பட்டால் றொபேட்டோ? சொந்த அண்ணர்!

14 பெப்ரவரி
இன்னும் இரண்டு வள்ளம் றொபேட்டிடம் போய்விட்டது.

15 பெப்ரவரி
பிரசாந்தனைப் போனில் கிழித்தேன். பழுதானதைத் தலையில் கட்டினனீர் என்றேன். அவன் கோபிக்கவில்லை. அதை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்டான்.

"எங்கை வைப்பன்? உப்புக்காத்துப் படாமல், ஐஸ் போட்டு நண்டு அனுப்புற றெஜிபோம் பெட்டிக்கை வைச்சு, மூடி, ரேப் சுத்தியிருக்கிறன்."

போனில் சிரிப்புக் கேட்டது.

"அக்கா, அது நண்டில்லை. காத்துப் படவேணும். சூடு ஏறினால் தன்பாட்டிலை நிண்டிடும்."

ரேப்பை வெட்டித் தொட்டேன். தோசைக்கல் மாதிரிக் கொதிக்கிறது. சரி, என் பிழைதான். ஆனால் எங்களைப்போல உப்புக்காற்றில் இருக்கிற தீவாருக்கு விற்கிறவன் விற்கும்போதே அதைச் சொல்லவேண்டாமா? சதையில்லாத நண்டை நான் சொல்லித்தானே விற்கிறேன்? சிரிக்கிறானாம் சிரிப்பு.

16 பெப்ரவரி, ஞாயிறு
கடலுக்கு ஒருவரும் போகாத நாள். தேவாலயப் பூசையில் அண்ணர் முன் வாங்கில் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேனா?

வீட்டுக்கு வந்து பலகையை மேசையில் வைத்து, ஃபானை அதன் பக்கம் திருப்பிவிட்டு இன்ஸ்ரோல் பண்ணினேன். நிற்கவில்லை. பக்கம் முழுதாகத் திறந்தது. உப்புக்கு? வேலை முடிந்து ஆறினபிறகு பொலித்தீனில் சுற்றி வைக்கலாம். இதை அவன் சொல்லவில்லை, நான் யோசித்தது.

17 பெப்ரவரி
மிஞ்சின வள்ளங்களைப் பதிந்தேன். லொறி ஏற்றியது. அண்ணர் வரவில்லை. வரவேண்டாம்.

19 பெப்ரவரி
அண்ணரின் பெண்சாதி, மச்சாள் யோகம்மா, தனியே வந்து கடகத்தைத் தராசடியில் இறக்கினாள்.

"ஜசிந்தா, உன்ரை அண்ணர் மதிலோடை நிக்கிறார். ஒண்டும் ஏசிப்போடாதை."

ரிவியைப் போட்டேன். பக்கம் வள்ளத்தின் பெயரையும் சொந்தக்காரரின் பெயரையும் கேட்டது. மச்சாளிடம் கேளாமலே தட்டினேன். நண்டுக்கு ஐஸ் போட்டேன். மதிலடியில் நிற்கிறவருக்கும் மச்சாளிடம் தேத்தண்ணி கொடுத்தனுப்பினேன். சீனி போடவில்லை.