இருபது லீற்றருக்கு ஒரு மீன்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் மூடுபனி. பொகவந்தலாவைப் பக்கம் எதுவும் தெரியவில்லை. தொட்டி: வெப்பம் 25, உப்பு 1.025, கடலின் அளவு. நான்கு மாதமாக மாறாத எண்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாடும்போது மணிக்கணக்காக ஈரப்பதம் குறிக்கும் டீமேக்கருக்கு இது பெரிய வேலையல்ல, ஆனாலும் பெருமைதான். நாலாயிரம் அடிக்கு மேலே, குவாட்டர்ஸ் முன்னறையில், இருபது லீற்றர் கடல். கல்லில் ஊதாப் படலம். கிளைப்பவளம் இரண்டு விரல் அகலம் வளர்ந்துவிட்டது. மீன் மட்டும் இன்னும் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் விடலாம். மீன் பெரிதானால் கழிவு மிகும். கழிவு மிகுந்தால் பவளம் சாகும். நான்கு மாதமும் வீண்.

கோமாளி மீன்: அழகு. வளர்ந்தால் இடம் போதாது.
நீல டாம்சல்: சண்டைக்காரன்.
தீ மீன்: துள்ளி வெளியே விழும்.
மஞ்சள் உளுவை: முழுதாக வளர்ந்தும் பெருவிரல் நீளம் வராது. பவளக் கிளையில் உட்கார்ந்தே காலம் தள்ளும்.

பட்டியலை எட்டிப்பார்த்த மனைவி: "என்னைய பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இம்புட்டு யோசிக்கலியே நீங்க."

அன்று யோசிக்க எதுவும் இருக்கவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

ஜூன் 5, வியாழன்

விடாத மழை. உளுவை என்று முடிவு. கொழும்புக் கடைக்காரருக்குப் போன்.

"ஹட்டன் பக்கமா சேர்? அந்தக் குளிருக்குக் கடல் மீன் தாங்காது. நல்ல தண்ணிக் கப்பி மீன் கொண்டு போங்களேன்."

நான்கு மாத எண்களையும் வாசித்தேன். ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கிழம வாங்க சேர், எடுத்து வைக்கிறன்." என் விலங்கியல் பட்டம் முப்பது வருடத்துக்குப் பின் உதவிய இடம்.

மாலை, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாச் சமையல்காரர் ராமையா, கையில் வாளி. உள்ளே நீலத் தட்டை மீன் ஒன்று, என் உள்ளங்கையைவிடப் பெரிது.

"தொர குடுத்துவிட்டாருங்க ஐயா. பங்களா தொட்டியில ரெண்டு மீனு செத்துப்போச்சு. இத ஒங்க தொட்டியில போட்டு வைப்பீங்களாம். விருந்தாளுங்க வர்றப்ப எடுத்துக்குவாராம்."

கேட்கவில்லை, சொல்லி அனுப்பியிருக்கிறார். என் வேலையின்மேல் அவருக்கு அதிகாரம் உண்டு. முன்னறையின்மேல் இல்லை.

"திருப்பிக் கொண்டு போங்கண்ணே."

"ஐயோ, நா என்னான்னு சொல்லுவேன்?"

"நீங்க சொல்ல வேணாம். நானே வாறேன்."

உப்பளக்கும் குழலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குடையோடு நடந்தேன்.

பங்களா மண்டபத்தில் கணப்பு எரிகிறது. அதற்குப் பக்கத்திலேயே ஐந்தடித் தொட்டி. ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன்: 1.034.

துரை: "ஒரு மீன்தானே டீமேக்கர். அதுக்கு ஏன் இவ்வளவு தூரம்?"

"தண்ணி கொறஞ்சா என்னா ஊத்துறீங்க சேர்?"

"உப்புத் தண்ணிதான். கடல் தொட்டியாச்சே."

கணப்புச் சூட்டில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதன்மேல் உப்புநீரையே ஊற்றினால் மீன் சாகாமல் என்ன செய்யும்? விளக்கினேன். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தும் அளவுக்கு அவர் எனக்குப் பொருட்டல்ல.

"இனிமே நல்ல தண்ணி மட்டும், கொஞ்சங் கொஞ்சமா. இந்த மீனு இங்கியே இருக்கட்டும். எங்க வீட்டுத் தொட்டிக்கு என்னா மீனுன்னு நாந்தான் முடிவு பண்ணுவேன் சேர்."

அவர் முகம் சிவந்தது. "சரி" என்றார். அவ்வளவே.

வாசலில் ராமையா: "இந்த பங்களாவுல தொரய கேள்வி கேட்டவங்க எல்லாம் பொட்டியோடதான் வெளிய போனாங்க. நீங்கதான் ஐயா கொடயோட போறீங்க."

ஜூன் 8, ஞாயிறு

கொழும்பு போய் மீண்டேன். திரும்பும் ரயிலில் மடியில் ஐஸ் பெட்டி. பக்கத்து இருக்கை அம்மா, வட்டவளையில் இறங்குபவர்: "பொட்டியில என்னா, கருவாடா?"

"மீனுங்க."

"வாசமே வரலியே."

"உசுரோட இருக்கு."

"அப்ப நல்ல மீனுதான்."

வீட்டில் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை ஊற்றி மீனைப் பழக்கி, பிறகு விட்டேன். முதலில் கல்லுக்குப் பின்னால். சற்றைக்கெல்லாம் பவளக் கிளையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மஞ்சள், கடுகுப் பூ மஞ்சள். நினைத்த இடம், நினைத்த மீன். மனைவியைக் கூப்பிட்டேன். "இத்தினிக்கூண்டுக்கா இந்தப் பாடு?" என்றாள். ஆனால் உடனே அடுப்படிக்குத் திரும்பவில்லை.

ஜூன் 12, வியாழன்

மழை சற்று ஓய்வு. உப்பு 1.025. உளுவை தின்கிறது.

மாலை ஐந்துக்குத் துரை, முன்னறிவிப்பின்றி, என் வாசலில். இதற்கு முன் வந்ததில்லை. பங்களாத் தொட்டி 1.028க்கு இறங்கிவிட்டதாம், நீல மீன் தேறிவிட்டதாம். நன்றி என்ற சொல் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

"உங்கட மீன் எங்க? தொட்டி வெறுமையாக் கிடக்கே."

"நின்னு பாத்தா தெரியாதுங்க சேர். குனியணும்."

என்னைப் பார்த்தார். முழங்கால்களில் கைவைத்துக் குனிந்தார். மழைக்கோட்டு நீர் என் தரையில் சொட்டியது. நான் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். அவர் குனிந்தபடியே நாற்பது செக்கன். எண்ணினேன்.